புராணக் கதையால் சொல் படிப்பிப்பது: சொல்லவா, படம் காட்டவா, நடிக்க விடவா, வாசிக்கக் கொடுக்கவா?

தவணை தொடங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் தரம் 7க்குத் தமிழ் எடுக்கும் ரீச்சர் ஒருவர் கேட்டார்: "புராணக் கதையை வைத்துச் சொல்வளம் வளர்க்கலாம் என்று கருத்தரங்கில் சொன்னார்கள். கதை சொல்வதா, படம் காட்டுவதா, நடிக்க விடுவதா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 38 பிள்ளைகள், 40 நிமிடம்." உப்புவெளியில் ஒரு தாய்க்கு வேறு கவலை. மகனை ஏதோ வினாக்கொத்தால் சோதித்து, "இவர் கட்புல வகை", அதாவது பார்த்துப் படிப்பவர், என்று ரியூஷனில் ஒரு தாள் கொடுத்துவிட்டார்களாம். அப்படியென்றால் அம்மம்மா சொல்லும் கதை இவனுக்கு ஏறாதா என்று கேட்கிறார். கிண்ணியாவிலிருந்து கேட்டவர் சுற்றி வளைக்கவில்லை: "எங்கள் வகுப்பில் எல்லாரும் முஸ்லிம் பிள்ளைகள். சிவனையும் இராவணனையும் வைத்து நாங்கள் என்ன செய்ய?"

மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் பக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: பிள்ளை எந்த வகை என்று பார்த்து வழியைத் தெரிவு செய்யாதீர்கள், சொல் எந்த வகை என்று பாருங்கள்.

## அந்தத் தாளை என்ன செய்வது

பிள்ளைகளைப் பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், வாசித்து எழுதிப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று நான்காகப் பிரிக்கும் வழக்கம் நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங்கின் வினாக்கொத்தோடு 1990களில் பரவியது. அந்த வினாக்கொத்து கேட்பதெல்லாம் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதைத்தான். பிடித்த வழியில் படிப்பித்தால் கூடுதலாகப் படிக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கட்புலப் பிள்ளைக்குப் படமும் செவிப்புலப் பிள்ளைக்குப் பேச்சும் கொடுத்தால், மாற்றிக் கொடுப்பதைவிட இருவரும் நன்றாகச் செய்கிறார்கள் என்று சொல்வதற்குத் தகுந்த சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே அந்தத் தாளுக்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இலவசமாகத் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பின்பக்கம் வெறுமையாக இருந்தால் கணக்குப் போட உதவும்.

அதற்காகப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி என்று அர்த்தமில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை இருக்கிறது. கண்ணாடி போட வேண்டியது, இன்னும் போடாமல் பின்வாங்கிலில் இருந்து கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளை இருக்கிறது. பெயர் கூப்பிட்டாலே தலை குனியும் பிள்ளை, தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் சிங்களப் பிள்ளை, வீட்டில் கதைப் புத்தகமே இல்லாத பிள்ளை என்று வித்தியாசங்கள் நிறைய. எந்த வழி இவர்களில் யாரை வெளியே விடுகிறது என்பதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது சொல்லின் வகை. கண்ணால் காணக்கூடிய பொருளா, உடம்பால் செய்யக்கூடிய வினையா, மனத்துக்குள் இருக்கும் குணமா? இதுதான் பெரிய அளவுகோல்.

இரண்டாவது, பாடம் முடிவதற்குள் பிள்ளை அந்தச் சொல்லைத் தானாக எடுத்து ஆள்கிறதா, இல்லை கேட்டுத் தலையாட்டுவதோடு சரியா? 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வு ஒன்று இங்கே உதவும். ஒரு சாரார் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாரார் வாசித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பாட முடிவில் "விளங்கியதா?" என்று கேட்டு "ஓம் ரீச்சர்" என்று வரும் பதிலை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது செலவு. காசு மட்டுமல்ல, முதல் நாள் இரவு போகும் நேரம், தொண்டை, பக்கத்து வகுப்பின் பொறுமை எல்லாம் சேரும். நான்காவது, மேலே சொன்ன பிள்ளைகளில் யார் விடுபடுகிறார்கள் என்பது.

ஒப்பீடு நேர்மையாக இருக்க ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தாய் வழிபடுவதற்காகக் கோணமலையையே கொண்டுபோக நினைத்த இராவணன், வாளால் வெட்டிய இடமே இன்று கோணேசர் கோயிலடியில் இருக்கும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. பிறகு தாய் இறந்துபோக, ஈமக்கிரியைக்குத் தண்ணீர் வேண்டி அவன் நிலத்தில் குத்திய ஏழு இடத்திலும் வெந்நீர் பொங்கியது, அதுதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். இதற்குப் பல வடிவங்கள் உண்டு. அதுவும் நல்லதுக்குத்தான், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வடிவத்தைக் கொண்டுவரும்.

இந்தக் கதையிலிருந்து எட்டுச் சொற்கள்: பிளவு, ஊற்று, செங்குத்து, பெயர்த்தெடுத்தல், ஓங்குதல், செருக்கு, இரங்குதல், ஈமக்கடன். ஒரு பாடவேளைக்கு இதுவே அதிகம். ஆறோடு நின்றாலும் பழுதில்லை.

## சொல்லிக் காட்டுதல்

காசே இல்லாத வழி. கதை தெரிந்திருந்தால் ஆயத்தமும் குறைவு. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையும் முதல் வாங்கில் கெட்டிக்காரனும் இதில் ஒரே தளத்தில் இருப்பார்கள். மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது.

குணச்சொற்களுக்கு இதுதான் முதலிடம். செருக்கு என்பதைப் படமாக வரைய முடியாது. வரைந்தால் மார்பை நிமிர்த்திய ஓர் ஆள் வருவார், அவர் செருக்கோடு நிற்கிறாரா, படப்பிடிப்புக்கு நிற்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. கதையில் அந்தச் சொல்லுக்குக் காரணமும் விளைவும் கூடவே வருகின்றன. தாய்மேல் வைத்த பாசம் எங்கே நியாயமாக இருந்தது, "இந்த மலை எனக்கு எம்மட்டு" என்ற நினைப்பு எங்கே உள்ளே புகுந்தது என்று கதைசொல்லி நிறுத்திக் காட்டலாம்.

சரி, மறைந்த செலவு எங்கே? பிள்ளைகளுக்குக் கதை நினைவில் நிற்கும், சொல் நிற்காது. நன்றாகச் சொல்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூட. வகுப்பு வாய் பிளந்து கேட்கும், மறுநாள் கேட்டால் இராவணனுக்குப் பத்துத் தலை என்பதைத் தவிர ஒன்றும் வராது. வந்தாலும் அரைகுறையாக வரும். கதை கேட்ட ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிய வசனம் இது: "என் புள்ளியைப் பார்த்து அம்மா செருக்கு அடைந்தார்." பெருமைக்கும் செருக்குக்கும் நடுவில் இருக்கும் கோடு அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போகாமல், "இராவணன் தாயைக் கும்பிடக் கூட்டிப்போக நினைத்தது பெருமையா, செருக்கா? மலையைப் பிடுங்கலாம் என்று நினைத்தது?" என்று திருப்பிக் கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதத்தில் சொல் பத்துப் பதினைந்து தரம் அடிபடும். நான் தேடுவது அதைத்தான்.

ஆகவே கதையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காதீர்கள். மூன்று இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் பிள்ளைதான் சொல்லைச் சொல்ல வேண்டும், நீங்களல்ல: "வாளை மேலே தூக்கினான், அதற்கு என்ன சொல் சொன்னோம்?" வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த இடம் சங்கடமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு சொல்லிவிட்டுப் பிறகு இருவராகச் சேர்ந்து சொல்லலாம் என்று விட்டால் போதும்.

## படமும் அட்டையும்

பொருட்சொற்களுக்கு இது நேர்வழி. பிளவு, செங்குத்து, ஊற்று மூன்றையும் அரை நிமிடத்தில் காட்டிவிடலாம். இராவணன் வெட்டின் புகைப்படம் ஒன்று இருந்தால் முதல் இரண்டு சொல்லும் முடிந்தது. பாறை எப்படிச் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது என்று பேசி விளக்க ஐந்து வசனம் தேவை, அதிலும் ஒருவருக்கும் சரியாக விளங்காது. தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழியே கதவைத் திறக்கிறது.

வினைச்சொல்லுக்கு வந்தால் படம் தடுமாறும். 'பெயர்த்தெடுத்தல்' என்ற அட்டைக்கு ஒரு பிள்ளை மலையைத் தலையில் வைத்து நடக்கும் இராவணனை வரைந்தது. வடிவான படம். ஆனால் அது சுமத்தல். வேரோடு, அடியோடு பிரித்து எடுக்கும் அந்தக் கணம் நிற்கிற படத்தில் அகப்படாது.

செலவை மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சித் தொடர்களின் இராவணன். கிரீடம், நகை, பத்துத் தலை எல்லாம் மினுங்கும், நீங்கள் காட்ட வந்த பிளவு மூலையில் எங்கோ இருக்கும். கண் போகிற இடத்துக்குத்தான் மனமும் போகும். இரண்டு, நிறத்தில் அச்சடிப்பதும் பிரிஸ்டல் மட்டையும் ஒவ்வொரு தவணையும் உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கமே போதுமானது. மூன்று, பிள்ளைகளை வரைய விட்டால் 40 நிமிடமும் வரைதலுக்குப் போய்விடும், சொல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது. வரைய விடுவதானால் வீட்டு வேலையாகக் கொடுங்கள். வகுப்பில் அட்டையைத் திருப்பி வைத்து, படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லவும் சொல்லைப் பார்த்துப் படத்தை விபரிக்கவும் மட்டும் நேரம் கொடுங்கள். அட்டையின் உண்மையான பலன் அந்தத் திருப்பி வைப்பதில்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டிவிட்டால் ஒரு கிழமைக்குப் பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, ஓணானைத் தவிர.

## நடித்துக் காட்டுதல்

வினைச்சொற்களுக்கு இதற்கு நிகர் இல்லை. ஓங்குதல், பெயர்த்தெடுத்தல், குத்துதல், பீறிடுதல் எல்லாம் உடம்பில் ஒரு தரம் செய்து பார்த்தால் பிறகு விளக்கம் தேவைப்படாது. கிழக்கு மாகாணத்துக்கு இது புதிதும் அல்ல. கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடு களரிக்கு வந்து தன்னை அறிமுகம் செய்யும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: இராவணன் வரவில் செருக்கும் ஓங்குதலும் இருக்க வேண்டும், தாயின் வரவில் இரங்குதல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு இரண்டிரண்டு வரி எழுதச் சொன்னால், நடிப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், மேடையில் நாலு பேர், பார்வையாளராக 34 பேர். நடிக்கும் நாலு பேரும் வழமையான அதே நாலு பேர். யார் அதிகம் படிக்க வேண்டுமோ அந்தப் பிள்ளை மரமாகவோ மலையாகவோ ஆடாமல் அசையாமல் நிற்கும். பக்கத்து வகுப்பு ரீச்சர் வாசலில் வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையின் விலையும் செலவில் அடங்கும்.

இந்த வழியைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், எல்லாருக்கும் வேலை உள்ள கதையாகத் தெரிவு செய்யுங்கள். இராவணன் கதை அதற்குத் தோதில்லை. பாற்கடல் கடைந்த கதை தோது. நீளமான தும்புக் கயிறு ஒன்று வாசுகி. வகுப்பின் இடப்பக்கம் தேவர், வலப்பக்கம் அசுரர், நடுவில் கதிரையோடு நிற்கும் பிள்ளை மந்தர மலை. இழுக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பவர்கள் ஒரு வடிவம் சொல்ல வேண்டும்: "கடைகிறோம்." மறுபக்கம்: "கடைகிறார்கள்." "கடைந்தோம்." "கடையக் கடைய நுரைத்தது." "நுரைக்க நுரைக்கத் திரண்டது." பிறகு வாசுகி நஞ்சு கக்கும் கட்டம். சத்தம் வரும், உண்மைதான். ஆனால் 38 வாயிலும் வினைமுற்றும் எச்சமும் வந்திருக்கும், இலக்கணப் பாடத்தில் பாதியைத் தனியே எடுக்கத் தேவையில்லை. கயிற்றை விசையாக இழுத்து உள்ளங்கை தேயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வாசித்து எழுதுதல்

இதைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்ட சொல்லும் பார்த்த சொல்லும் நடித்த சொல்லும் கடைசியில் எழுத்தில் வந்தால்தான் பரீட்சை வினாத்தாளில் அடையாளம் தெரியும். அதைவிட, ஒரு சொல் இன்னோர் இடத்தில் வேறு முகத்தோடு வருவதைக் காட்ட எழுத்தால் மட்டுமே முடியும்.

கோணேசர் மேல் ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய பதிகத்தின் முதல் பாட்டைப் பாருங்கள். சைவப் பிள்ளைகள் பலருக்கு அது காதில் விழுந்து பழகியது, பொருள்தான் தெரியாது. அதில் 'காரகிற் பிளவு' என்று வருகிறது. கரிய அகில் மரத்தின் பிளந்த துண்டு. கதையில் பாறையில் கண்ட பிளவு இங்கே கடல் அலை கரைக்குக் கொண்டுவரும் மரத்துண்டாகி நிற்கிறது. பக்கத்திலேயே 'சந்து' என்றும் இருக்கிறது. பிள்ளைகள் ஒழுங்கை என்று நினைப்பார்கள், அது சந்தன மரம். நித்திலம் என்றால் முத்து, ஓதம் என்றால் அலை. தரம் 9, 10 பிள்ளைகளோடு இந்த ஒரு பாட்டிலேயே ஒரு பாடவேளையை நிறைவாகக் கழிக்கலாம். தரம் 6க்கு வேண்டாம், பயந்துவிடுவார்கள்.

இதில் விடுபடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை முதல் பந்தியிலேயே களைத்துவிடும். அதற்கு மாற்று, கதையை முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு அதே கதையை அரைப் பக்கத்தில் எளிமையாக எழுதிக் கொடுப்பது. தெரிந்த கதையை வாசிப்பது பாதிச் சுமை. செலவு உங்கள் மேசையில்தான் விழும்: 38 கொப்பி திருத்த வேண்டும். 'அருஞ்சொல் – பொருள்' என்று இரண்டு நிரல் போட்டு எழுத விட்டால் திருத்துவது சுகம், பலன் பூச்சியம். ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்த வசனம் ஒன்று எழுதச் சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு வரிசையின் கொப்பியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | எந்தச் சொல்லுக்கு | ஆயத்தம் | எங்கே சறுக்கும் | விடுபடக்கூடியவர் |
|---|---|---|---|---|
| சொல்லிக் காட்டுதல் | குணம், உணர்வு, மரபுத்தொடர் | மிகக் குறைவு | கதை நிற்கும், சொல் போகும் | தமிழ் இரண்டாம் மொழிப் பிள்ளை, கேள்திறன் குறைந்த பிள்ளை |
| படமும் அட்டையும் | பொருள், இடம், வடிவம் | அதிகம், காசும் போகும் | வினையும் குணமும் பிசகும் | கண்ணாடி இல்லாத பின்வாங்கில் பிள்ளை |
| நடித்துக் காட்டுதல் | வினை | நடுத்தரம் | நாலு பேருக்கு மட்டும் பாடம் | கூச்சமுள்ள பிள்ளை |
| வாசித்து எழுதுதல் | பல பொருள் ஒரு சொல், பழஞ்சொல் | குறைவு, திருத்துவது அதிகம் | பொருள் எழுதுவதோடு நின்றுவிடும் | வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை |

## மரபுத்தொடர்கள் தனி வழக்கு

பகீரதப் பிரயத்தனம், கும்பகர்ணத் தூக்கம், திரிசங்கு நிலை, அட்சய பாத்திரம், சகுனி வேலை, செஞ்சோற்றுக் கடன். பத்திரிகையில் ஒரு கிழமை தவறாமல் இவற்றில் ஒன்று வரும். இவற்றைப் படிப்பிக்க நாலு வழியையும் ஒப்பிடவே தேவையில்லை, சொல்லிக் காட்டுதல்தான். கதை இல்லாமல் இவற்றுக்குப் பொருளே இல்லை. 'பகீரதப் பிரயத்தனம் – பெருமுயற்சி' என்று மனனம் செய்த பிள்ளை, சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பதற்கும் பகீரதப் பிரயத்தனம் செய்யும். முன்னோரின் சாம்பலை நனைப்பதற்காக வானத்துக் கங்கையைப் பூமிக்கு இறக்கத் தலைமுறை கடந்து நடந்த தவம் என்று தெரிந்த பிள்ளைக்கு அளவு தெரியும். கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில் யார் அப்படி ஒன்று செய்தார்கள்?" என்று கேளுங்கள். "மாமா பாஸ்போட் எடுத்தது" என்று ஒரு குரல் வரும். முழுப் புள்ளி கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கர்ணபரம்பரைக் கதை என்பதைக் கர்ணனின் கணக்கில் எழுதிவிடுவார்கள் பிள்ளைகள், சில பெரியவர்களும். கர்ணம் என்றால் காது. காதுவழி வந்த கதை, அவ்வளவுதான்.

திரிசங்கு நிலைக்கு மட்டும் ஒரு சின்னப் படம் உதவும். தலைகீழாக நடுவானில் ஒரு குச்சி மனிதன், கரும்பலகையில் பத்து நொடி.

## நேரே கூட்டிப்போனால்?

ஐந்தாவது வழியாக இதைக் கேட்கிறார்கள், திருகோணமலையில் இருப்பதால் கேட்க உரிமையும் உண்டு. கோணேசர் கோயில் பிரெட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது, கன்னியா நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரம். கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்து, எது வெதுவெதுப்பு, எது சூடு, எது கொதி என்று பிள்ளைகளே வரிசைப்படுத்தினால் அந்தச் சொற்கள் பிறகு மறக்காது. வேறெந்த வழியாலும் இதைத் தர முடியாது.

ஆனால் அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையொப்பம், பஸ் காசு, கூட வர இன்னோர் ஆசிரியர் என்று ஒரு பாடவேளைக்கான வேலை ஒரு மாத வேலையாகிவிடும். கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள், மேலே ஏறினால் குரங்குகள். பிளவையும் செங்குத்தையும் பற்றிப் பேசுவதற்கு அங்கே யாரும் அகப்படமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு சுற்றுலா எப்படியும் உண்டென்றால் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், சொற்களை முன்கூட்டியே வகுப்பில் படிப்பித்துவிட்டு. சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைதான் அங்கே எதையாவது காணும். வெளி மாவட்டத்துப் பாடசாலைக்கு இது கணக்கிலேயே இல்லை, புகைப்படத்தோடு திருப்திப்படலாம்.

## கலப்பு வகுப்பும் முஸ்லிம் வகுப்பும்

கிண்ணியாக்காரருக்கு இரண்டு பதில்.

மேலே சொன்ன மரபுத்தொடர்கள் தமிழ் வாசிக்கும் எல்லாருக்கும் தேவை. அவற்றின் கதையைக் கதையாகச் சொல்லலாம், வழிபாடாக அல்ல. "இந்துக்கள் இப்படி ஒரு கதை சொல்வார்கள், அதிலிருந்து இந்தத் தொடர் வந்தது" என்ற ஒரு வசனம் முன்னால் போனால் பெற்றோர் பக்கத்துச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இங்கே நடிப்பை எடுக்காதீர்கள். முஸ்லிம் பிள்ளையைச் சிவனாக நிற்க வைப்பது எந்தச் சொல்லுக்காகவும் செய்யத் தகுந்ததல்ல.

குணச்சொற்களுக்குப் புராணம்தான் வேண்டும் என்றும் இல்லை. யூசுப் நபியின் கதையில் பொறாமை, வஞ்சகம், அவதூறு, பஞ்சம், மன்னிப்பு எல்லாம் ஒரே கோவையில் வருகின்றன. அண்ணன்மார் கிணற்றில் தள்ளிய தம்பி, பிறகு பஞ்ச காலத்தில் அவர்களுக்கே தானியம் கொடுக்கும் இடத்தில் இருந்து மன்னிக்கிறார். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அவர் யோசேப்பாகத் தெரிந்தவர். ஆனால் நபிமாரை உருவமாக வரைவதையும் வேடமிட்டு நடிப்பதையும் இஸ்லாமிய மரபு ஏற்பதில்லை. அதனால் படமும் நடிப்பும் இந்தக் கதைக்குக் கழிந்துபோகின்றன. கிணறு, தானியக் களஞ்சியம், காய்ந்த கதிர் போன்ற பொருட்களை மட்டும் வரையலாம். மிச்சமெல்லாம் சொல்லலும் வாசிப்பும்.

இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில் நான் இரண்டு கதையையும் அடுத்தடுத்த கிழமையில் எடுப்பேன். 'இரங்குதல்' இரண்டிலும் வரும். சொல் ஒன்று, கதை இரண்டு, அதனால் சொல் ஒரு கதைக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்காது.

## அப்போ எதை எடுப்பது

மூதூர் ரீச்சருக்கு: சொற்பட்டியலை முதலில் எழுதுங்கள், பக்கத்தில் பொருள், வினை, குணம் என்று குறியுங்கள். குணம் கூடவா, கதை சொல்லுங்கள். வினை கூடவா, கயிற்றை எடுங்கள். கலந்திருந்தால் கதைதான் முதுகெலும்பு, நடுவில் இரண்டு படம், இரண்டு அபிநயம். வாசிப்பு மறுநாள். நாலு வழியையும் ஒரே பாடவேளைக்குள் திணித்து எல்லா வகைப் பிள்ளையையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். 40 நிமிடத்தில் பத்து நிமிடம் வழி மாற்றுவதிலேயே போகும்.

எதை எடுத்தாலும் அடுத்த கிழமை முதல் ஐந்து நிமிடம் பழைய சொற்களுக்கு. கொப்பி மூடியிருக்க வேண்டும். கதையின் ஒரு கட்டத்தைச் சொல்லிச் சொல்லைக் கேட்பது ஒரு நாள், சொல்லைக் கொடுத்து வீட்டு விடயம் ஒன்றால் வசனம் கேட்பது இன்னொரு நாள். இதற்கு நேரமில்லை என்றால் எட்டுச் சொல்லை ஐந்தாகக் குறையுங்கள், இந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்க வேண்டாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் நடிப்புக்கு நேரம் ஒதுக்குவது சிரமம் என்பது எனக்குத் தெரியும். கதையும் அட்டையும் போதும்.

உப்புவெளி அம்மாவுக்கு: உங்கள் மகனுக்குக் கதை ஏறும். அம்மம்மா சொல்லட்டும். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, அவனைக் கதை சொல்லச் சொல்லி நீங்கள் கேளுங்கள். அம்மம்மா ஆண்ட சொல் எது அவன் வாயிலும் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். வராத சொல்லை நீங்கள் இடையில் ஒரு தரம் ஆண்டுவிட்டு, மேலே சொல்ல விடுங்கள். படம் வரைய ஆசைப்பட்டால் அதையும் விடுங்கள், தாளில் வகை எழுதியிருப்பதற்காக அல்ல, பிள்ளைக்கு வரையப் பிடிக்கும் என்பதற்காக.